முதுகுவலி தலைவிதியா, தொழில் நோயா?

சிவகாசிப் பட்டாசுத் தொழிலில் ஆபத்து என்றால் நாடு முழுவதும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைக்கிறது. அது வெடி விபத்து. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்கள் கருகிப்போனதை உழைக்கும் மக்கள் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அதற்குப் பிறகும் இந்தக் கரிசல் பூமியில் பட்டாசு ஆலைகளில் சாவு நின்றபாடில்லை.

ஆனால் ஓசையே இல்லாமல் இன்னொரு விபத்தும் இங்கே தினந்தோறும் நடக்கிறது. அதில் கூரை பறப்பதில்லை. தீயணைப்பு வண்டி வருவதில்லை. மந்திரி வந்து மாலை வைப்பதில்லை. நஷ்டஈட்டுச் செக்கும் கிடையாது. காலையில் நிமிர்ந்து வேனில் ஏறிய பெண் மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள். பத்துப் பதினைந்து வருஷம் போனால் நாற்பது வயதுக்காரி எழுபது வயதுக் கிழவியைப் போல நடக்கிறாள். கேட்டால், "என்ன செய்யிறது, எல்லாம் தலையெழுத்து" என்கிறாள்.

அந்தத் தலையெழுத்தை எழுதிய கை யாருடையது என்பதுதான் நம் கேள்வி.

எப்படி உட்கார வைக்கிறார்கள்?

சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை, தாயில்பட்டி, திருத்தங்கல் வட்டாரங்களில் பட்டாசு வேலை தெரியாத வீடு அபூர்வம். குழாய் உருட்டுவது, திரி வெட்டுவது, மருந்து அடைப்பது, திரி செருகுவது, சரம் பின்னுவது, காகிதம் சுற்றுவது, பெட்டியில் அடுக்குவது என்று வேலைக்குப் பெயர்கள் பல. உடம்பின் நிலை மட்டும் பெரும்பாலும் ஒன்றே. தரையில் உட்கார வேண்டும். காலை நீட்ட வேண்டும் அல்லது மடக்க வேண்டும். கழுத்தைக் குனிந்து, முதுகை வளைத்து, கைகளை மட்டும் ஓயாமல் ஆட்ட வேண்டும். காலையிலிருந்து மாலை வரை இதுதான். ஆலையில் முடிந்தால் போதாது. ஊர்த் திண்ணைகளிலும் காகிதக் குழாய் உருட்டும் வேலை நடக்கிறது. அங்கே மணிக்கணக்கும் இல்லை, இன்ஸ்பெக்டரும் இல்லை.

தீப்பெட்டி ஆபீஸிலும் பல காலம் இதே கதைதான். சட்டத்தில் குச்சி அடுக்கியவர்களும் பெட்டி ஒட்டியவர்களும் குனிந்த தலை நிமிராமல் உழைத்தார்கள். இயந்திரம் வந்தது, குச்சி அடுக்கும் வேலை பெரிதும் போயிற்று, அதோடு கூலியும் போயிற்று. முதுகுவலி மட்டும் பழைய தொழிலாளியிடமே தங்கிவிட்டது!

ராஜபாளையம் வட்டாரத்து நூற்பாலைத் தோழனின் நிலை வேறு. அவன் உட்காரவே முடியாது. ஷிப்ட் முழுவதும் கால் கடுக்க நின்று, ஒடிந்த நூலைப் பிடிக்கவும் பாபின் மாற்றவும் ஆயிரம் தடவை குனிந்து நிமிர வேண்டும். விருதுநகர்ச் சந்தையில் மிளகாய் வற்றலும் மல்லியும் பருப்பும் ஏற்றி இறக்கும் சுமைத் தொழிலாளிக்கு முதுகுதான் வண்டி, முதுகுதான் மாடு. ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வயல்களில் நாற்று நடும் பெண்ணும் களை எடுக்கும் பெண்ணும் விடிந்ததிலிருந்து இடுப்பை இரண்டாக மடித்து நிற்கிறார்கள்.

உட்காருபவர், நிற்பவர், சுமப்பவர், குனிபவர் என்று உழைப்பு நான்கு வகை. வலி வந்து சேரும் இடம் ஒன்றுதான்: இடுப்புக்கு மேலே, முதுகுக்குக் கீழே.

முதுகெலும்பின் கணக்கு

இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. இரண்டு எலும்புக்கு நடுவே மெத்தை போல ஒரு வட்டு இருக்கிறது. பாரம் முழுவதையும் தாங்குவது இந்த வட்டுகளும், அவற்றைச் சுற்றியுள்ள தசைகளும் தசைநார்களும்தான். வளர்ந்த மனிதனின் வட்டுக்குள் ரத்தக்குழாய் ஏறக்குறைய கிடையாது. சுற்றுப்புறத்திலிருந்து ஊறி வரும் சத்துதான் அதற்கு உணவு. உடம்பு அசைந்து அழுத்தம் ஏறி இறங்குவது அந்த ஊற்றுக்குத் துணை செய்கிறது. ஒரே நிலையில் மணிக்கணக்காக அமுக்கி வைத்தால் தசை களைக்கிறது, தசைநார் இழுபடுகிறது, வட்டு வாடுகிறது.

எந்த நிலையில் எவ்வளவு அழுத்தம் என்பதை 1960-களிலேயே ஸ்வீடன் தேசத்து டாக்டர் நாகெம்சன் வட்டுக்குள் ஊசி செலுத்தி அளந்தார். 1999-ல் ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள் இன்னும் நுட்பமான கருவி கொண்டு ஒரு மனிதரின் முதுகில் அளந்து வெளியிட்டார்கள். நிமிர்ந்து நிற்கும்போது உள்ள அழுத்தத்தை ஒன்று என்று வைத்தால், உட்கார்ந்தபடி நன்றாக முன்னால் குனியும்போது அது ஒன்றரை மடங்குக்கு மேல் போயிற்று. நின்றபடி குனிந்தால் இரண்டு மடங்குக்கு மேல். முதுகை வளைத்து 20 கிலோ பாரத்தைத் தூக்கினால் நான்கு மடங்கையும் தாண்டியது. ஆனால் சாதாரணமாக, தளர்வாக உட்கார்ந்தபோது அழுத்தம் நிற்பதைவிட அதிகமாக இல்லை.

இதைக் கவனிக்க வேண்டும், தோழர்களே. தரையில் உட்காருவதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. நம் பாட்டன் பூட்டன் எல்லாம் தரையில் உட்கார்ந்துதான் உண்டார்கள், பேசினார்கள், பூக் கட்டினார்கள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதால் எவனுக்கும் முதுகு போகவில்லை. ஏனென்றால் இலையை மடித்ததும் எழுந்துவிடுகிறான்! எழுந்திருக்க விடாமல், குனிந்த முதுகை நிமிர்த்த விடாமல், நாளெல்லாம், வருஷமெல்லாம் ஒரே நிலையில் ஒருவரைக் கட்டிப்போடுவதுதான் குற்றம்.

"எல்லாருக்கும்தானே வருகிறது?"

முதலாளிமார் ஒரு வாதம் சொல்கிறார்கள். "முதுகுவலி யாருக்கு இல்லை? கணக்குப்பிள்ளைக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. வீட்டில் குடம் தூக்குகிறாள், விறகு சுமக்கிறாள், அதனால் வந்திருக்கும்" என்கிறார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து ஒன்றும் தெரியாவிட்டால், "வேலைக்கு வராமலிருக்க நடிக்கிறாள்" என்ற பட்டமும் கிடைக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கைப் பார்ப்போம். 2020-ஆம் ஆண்டில் உலகில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு முதுகுவலி இருந்தது. மனிதனை முடக்கிப்போடும் காரணங்களில் உலகிலேயே முதலிடம் இதற்குத்தான். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். பத்தில் ஒன்பது பேருக்கு இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று சுட்டிக்காட்டும்படி ஒரு தனிக் காரணம் படத்தில் தெரிவதில்லை. ஆகவே படத்தில் தெரியாத வலி பொய் வலி அல்ல. பெரும்பாலான முதுகுவலியின் இயல்பே அதுதான்.

எல்லாருக்கும் வருகிறது என்பது மெய். உட்காரும் நிலை ஒன்றை மட்டும் காட்டி, இதனால்தான் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்று வாதிடும் டாக்டர்களும் உண்டு. பாரம், குனிவு, ஓய்வின்மை, மனக்கவலை, சத்தில்லாத சாப்பாடு எல்லாம் சேர்ந்துதான் முதுகை ஒடிக்கின்றன. நல்லது! இந்தப் பட்டியலில் எது நம் தொழிலாளியிடம் இல்லை? ஆலையில் எட்டு மணி நேரம் குனிந்தவள் வீட்டில் குடமும் தூக்குகிறாள் என்றால், அது முதலாளிக்கு விடுதலைப் பத்திரம் ஆகாது. அவளுக்கு இருப்பது ஒரே முதுகு. ஆலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு முதுகு வைத்துக்கொண்டு அவள் வரவில்லை.

1700-ஆம் ஆண்டிலேயே இத்தாலி தேசத்து வைத்தியர் ரமசீனி தொழிலாளர் நோய்களைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதினார். நாளெல்லாம் உட்கார்ந்து குனிந்து தைக்கும் செருப்புத் தொழிலாளியும் தையற்காரரும் கூன் விழுந்து போவதை அதில் குறித்து வைத்தார். நோயாளி வந்தால் "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்று கேட்க வேண்டும் என்று வைத்தியர்களுக்குப் புத்தி சொன்னார். முந்நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் கேள்வியைக் கேட்காமலே ஊசி போட்டு அனுப்பும் ஆஸ்பத்திரிகள் எத்தனை!

முதுகை வளைப்பது கூலிக்கணக்கு

"அடிக்கடி எழுந்து நடங்கள், முதுகை நிமிர்த்துங்கள்" என்று டாக்டர் சொல்கிறார். நல்ல யோசனை. ஆனால் அதற்குச் செலவு யார் தருவது?

பட்டாசுத் தொழிலில் பெரும்பாலோருக்கு எண்ணிக்கைக் கூலி. இத்தனை குழாய்க்கு இவ்வளவு, இத்தனை குரோஸுக்கு இவ்வளவு. ஒரு பெண் மணிக்கு ஐந்து நிமிஷம் எழுந்து நின்றால் எட்டு மணி நேரத்தில் நாற்பது நிமிஷம் ஆகிறது. அதாவது நாள் கூலியில் பன்னிரண்டில் ஒரு பங்கு போயிற்று. மாதத்தில் இரண்டு நாள் கூலிக்கு மேல்! முதுகுக்கு ஓய்வா, பிள்ளைக்குப் பாலா என்று கேட்டால் எந்தத் தாய் முதுகைத் தேர்ந்தெடுப்பாள்? எண்ணிக்கைக் கூலி என்பது கங்காணியே தேவையில்லாத சவுக்கு. தொழிலாளியின் கையிலேயே அதைக் கொடுத்து, தன் முதுகில் தானே அடித்துக்கொள்ளச் செய்கிறது. ஆகவே உட்காரும் விதத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கூலி விகிதத்தைப் பற்றிப் பேசாவிட்டால் அது வெறும் உபதேசம்.

இன்னொன்று. மருந்து அடைக்கும் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது, வெளியேற வாசல்கள் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்றெல்லாம் விதி வைத்திருப்பது எதற்காக? பொறி கிளம்பினால் ஓடித் தப்பிப்பதற்காக. மணிக்கணக்கில் மடக்கி மரத்துப்போன காலோடு, நிமிர முடியாத முதுகோடு ஒருத்தி எப்படி ஓடுவாள்? முதுகைக் காப்பது உயிரைக் காப்பதோடு சேர்ந்ததுதான்.

குட்டைப்பிடிக் கொத்தின் கதை

"வேலை முறையை மாற்றினால் தொழிலே அழிந்துவிடும்" என்பது முதலாளிகளின் பழைய பல்லவி. இதை அமெரிக்கப் பண்ணை முதலாளிகளும் பாடிப் பார்த்தார்கள்.

கலிபோர்னியா மாகாணத்தில் கீரை, பீட்கிழங்குத் தோட்டங்களில் மெக்சிக மக்களே பெருவாரியாகக் கூலி வேலை செய்தார்கள். அவர்கள் கையில் கொடுத்த களைக்கொத்துக்குக் கைப்பிடி மிகவும் குட்டை. நாளெல்லாம் இடுப்பை மடித்துத்தான் அதைப் பிடிக்க முடியும். நிமிர்ந்து நிற்பவன் வேலை செய்யவில்லை என்று கங்காணிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்! நீண்ட பிடி போட்டால் பயிர் நாசமாகும் என்றார்கள் பண்ணையார்கள். தொழிலாளர் சங்கத் தலைவர் சீசர் சாவேஸ் தாமே இளமையில் அந்தக் கொத்தைப் பிடித்து முதுகை இழந்தவர். தொழிலாளர்கள் மனுக் கொடுத்தார்கள், அதிகாரிகள் தள்ளினார்கள், வழக்கு மேலே போயிற்று. 1975-ல் அந்த மாகாணத்தின் உச்ச நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் குட்டைப்பிடிக் கொத்து தடை செய்யப்பட்டது. கீரை அழிந்ததா? பண்ணைகள் மூடினவா? ஒன்றும் நடக்கவில்லை. நீண்ட பிடியோடு அதே வேலை நடந்தது.

தெய்வம் வகுத்த விதியென்று நினைத்த வலி, கைப்பிடியின் நீளத்தில் அடங்கியிருந்தது!

நம் தீப்பெட்டித் தொழிலின் சரித்திரமும் இதையே சொல்கிறது. ஒரு காலத்தில் மேல்நாட்டுத் தீக்குச்சியில் வெள்ளைப் பாஸ்வரம் சேர்த்தார்கள். அந்த விஷத்தில் தொழிலாளரின் தாடை எலும்பு அழுகிற்று. 1888-ல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் அபராதத்தையும் அநீதியையும் எதிர்த்து வேலைநிறுத்தம் செய்து வென்றபோது அந்தக் கொடுமையும் உலகின் பார்வைக்கு வந்தது. 1906-ல் பெர்ன் நகரில் பல தேசங்கள் அதைத் தடைசெய்ய ஒப்பந்தம் செய்தன. 1913-ல் இந்தியாவிலும் தடைச் சட்டம் வந்தது. அழுகிய தாடை கண்ணுக்குத் தெரிந்தது. அப்படியும் இத்தனை வருஷம் பிடித்தது. கண்ணுக்குத் தெரியாத முதுகுவலிக்குச் சும்மா இருந்தால் நியாயம் கிடைக்குமா?

சட்டத்தில் நம் முதுகு எங்கே?

1948-ஆம் வருஷத்து ஆலைச் சட்டம் நின்று வேலை செய்பவர் ஓய்வாக உட்கார இருக்கை வேண்டும் என்றது. உடம்புக்குக் கேடு தரும் பாரத்தைத் தூக்கச் சொல்லக் கூடாது என்றது. அதன் அட்டவணையில் 29 தொழில் நோய்கள் இருந்தன. ஈய விஷம், பாஸ்வர விஷம், பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் எல்லாம் உண்டு. முதுகுவலி இல்லை. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020-ன் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. பெயர் மாறிற்று; 29 மாறவில்லை. மாறியது வேறொன்று. மின்சாரம் இல்லாத இடத்தில் 20 பேர் இருந்தால் ஆலை என்றிருந்த கணக்கை 40 ஆக்கிவிட்டார்கள்.

பட்டியலில் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்கலாம். வித்தியாசம் கூலியில் தெரியும். இ.எஸ்.ஐ.யில் சாதாரண நோய் என்றால் ஆண்டுக்கு 91 நாள் வரை, கூலியில் நூற்றுக்கு 70 பங்கு. அதுவும் ஆறு மாதக் கணக்கில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால்தான். வேலையால் வந்த காயம், தொழில் நோய் என்றால் குணமாகும்வரை நூற்றுக்கு 90 பங்கு. சந்தா நாள் கணக்கும் கேட்பதில்லை. முதுகு வட்டு பிதுங்கியவருக்கு நீண்டகால நோய்ப் பட்டியலில் இடமுண்டு. இரண்டு வருஷத் தொடர் சேவை இருந்தால் 91 நாளுக்குப் பிறகும் நூற்றுக்கு 80 பங்கு உதவித்தொகை கேட்கலாம். இது நம்மில் பலருக்குத் தெரியாது; சொல்பவரும் இல்லை. விவசாயத் தொழிலாளிக்கோ இந்த இ.எஸ்.ஐ.யே எட்டாக்கனி.

மற்ற தேசங்களில் எப்படி? ஜெர்மனியில் பல வருஷம் பாரம் தூக்கியோ கடுமையாகக் குனிந்தோ உழைத்தவரின் இடுப்பு வட்டு நோய் 1993 முதல் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. பிரான்ஸில் பாரம் தூக்குவதால் வரும் இடுப்பு நோயை 1999-ல் சேர்த்தார்கள். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967-லேயே ஓர் ஆண் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிற்று. தமிழ்நாட்டில் 2021-ல் கடை ஊழியருக்கு உட்காரும் உரிமை சட்டமாயிற்று. நாளெல்லாம் நிற்க வைக்கப்பட்டவருக்கு உட்காரும் உரிமை வந்தது நியாயம். நாளெல்லாம் உட்கார வைக்கப்பட்டவருக்கு எழுந்து நிற்கும் உரிமை எப்போது?

நாம் கேட்பது

ஒன்று: மருந்தோடு சம்பந்தமில்லாத குழாய், காகிதம், பெட்டி, கட்டு வேலைகளுக்கு உடனே தக்க உயரத்தில் பலகையும் முதுகு சாயும் ஆசனமும் வேண்டும். மருந்து வேலையில் உராய்வுக்கும் பொறிக்கும் இடம் தராத ஏற்பாட்டை வெடிபொருள் இலாகாவும் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்களும் சேர்ந்து வகுத்துத் தர வேண்டும்.

இரண்டு: மணிக்கு ஐந்து நிமிஷம் கூலியோடு ஓய்வு. அந்த நிமிஷங்களின் கூலியைச் சேர்த்து எண்ணிக்கைக் கூலியை உயர்த்த வேண்டும்.

மூன்று: பட்டாசு, தீப்பெட்டி, நூற்பாலை, சுமை, வயல் வேலைகளில் வரும் நாள்பட்ட இடுப்பு நோயைத் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

நான்கு: புதிய சட்டத்தொகுப்பு சொல்லும் ஆண்டு உடற்பரிசோதனையில் முதுகையும் பார்க்க வேண்டும். சிவகாசி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் தொழில் நோய்க்குத் தனிப் பிரிவு வேண்டும்.

ஐந்து: களை எடுக்கவும் நடவுக்கும் நின்றபடி இயக்கும் கருவிகளைப் பஞ்சாயத்து மூலம் கூலிப் பெண்களின் குழுக்களுக்கே தர வேண்டும். கருவி வந்ததென்று ஆளைக் குறைக்கக் கூடாது.

"2018-ல் சுப்ரீம் கோர்ட் பேரியத்தைத் தடுத்தது, தொழிலே நெருக்கடியில் இருக்கிறது, இப்போதா இதெல்லாம்?" என்பார்கள். நெருக்கடியில் கூலி வெட்டு நம் மேல் விழுகிறது. வேலையில்லா நாள் நம் மேல் விழுகிறது. முதுகையும் நாம்தான் கொடுக்க வேண்டுமா?

அதுவரை நம்மால் ஆனது

காலையும் உடம்பின் சாய்வையும் அடிக்கடி மாற்றி உட்காருங்கள். பாரத்தை உடம்போடு ஒட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கித் தூக்குங்கள். பெரிய பாரத்துக்கு இரண்டு பேர் கை கொடுங்கள். வலி வந்தால் வாரக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டாம். முடிந்தவரை நடமாடுவதே நல்லது. மெடிக்கல் கடையில் வலி மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் தினமும் போட்டுக்கொள்வது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கால் மரத்துப் பலம் குறைந்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறினாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து உடற்பயிற்சிச் சிகிச்சை தர வழியுண்டு; கேட்டு வாங்குங்கள்.

டாக்டரிடம் போகும்போது மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: என்ன வேலை, எத்தனை வருஷம், எந்த நிலையில். அதைச் சீட்டில் எழுதச் சொல்லி வற்புறுத்துங்கள். எழுதாத வலி சர்க்கார் கணக்கில் இல்லாத வலி.

சங்கக் கிளைகள் ஒவ்வொன்றும் ஒரு நோட்டுப் புத்தகம் போடட்டும். ஆலைவாரியாக, தெருவாரியாக, யாருக்கு வலி, எந்த வேலை, எத்தனை வருஷம், எத்தனை நாள் கூலி போயிற்று என்று எழுதட்டும். அந்தக் கணக்கோடு தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் முன்னும் கலெக்டர் முன்னும் போய் நிற்போம். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். தினம் தினம் விழுந்த அடியில்தான் நம் முதுகெலும்பு நகர்ந்தது. அதே பழமொழியை இனி நாம் சட்டத்தின் மேல் சோதித்துப் பார்ப்போம்!